அக்கரையில் ஏறிக்கொண்டவை

ஆனி மாதத்துச் சாரல் காற்றோடு கலந்து பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலடிப்பேரி ஊர்க்காரர்கள் நூற்றுப் பதினேழு சைக்கிள்களில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனார்கள். திரும்பி வரும்போது அந்தச் சைக்கிள்களில் முக்கால்வாசியின் பின்சக்கரம் பாரத்தில் அமுங்கியிருந்தது, ஆனால் எந்தக் கேரியரிலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. எதை ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. தன் கேரியரில் இருப்பது எது என்று அவரவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சைக்கிள் பயணத்தை ஏற்பாடு செய்தவர் ஜெபக்கனி டீச்சர். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஊருக்கு வடக்கே மூடிக்கிடந்த ரைஸ்மில்லில், ஆறு வருஷத்துக்கு முன்னால் லாரியில் அடிபட்ட ஒரு கழுதையைக் கொண்டுபோய்க் கட்டி மருந்து போட ஆரம்பித்தவர், அந்தக் கழுதைக்குத் துணையாக இன்னொன்று, அப்புறம் கண் திறக்காத நாய்க்குட்டிகள், கால் ஒடிந்த கன்று, யாரோ பையில் போட்டுப் பள்ளிக்கூட வாசலில் வைத்துவிட்டுப் போன பூனைகள் என்று சேர்த்துச் சேர்த்து, இப்போது இருபத்தாறு நாய், பதினோரு பூனை, நாலு மாடு, இரண்டு கழுதை என்று நாற்பத்து மூன்று உயிர்களுக்குச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். மில்லின் சொந்தக்காரர் ஆடி முடிவதற்குள் இடத்தைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார். நாற்பத்து மூன்றையும் எங்கே கொண்டுபோவது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. ஊர் ஜனங்களைக் குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனால், வழியில் பேசிச் சிரித்து மனசு இளகி, ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்று நினைத்தார். பயணத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு படி தவிடோ ஒரு பழைய போர்வையோ கொண்டுவந்தால் போதும் என்று நோட்டீஸ் ஒட்டினார்.

ஆனால் அந்த வருஷம் ஊருக்கே நாய்களின் மேல் கோபமாக இருந்தது. சித்திரை மாதத்தில் சைக்கிள் கடை உச்சிமாகாளியின் மகள் முத்துஸ்ரீ, நாலாம் வகுப்புப் பிள்ளை, மாவு வாங்கிக்கொண்டு வரும்போது டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் குட்டி போட்டிருந்த செவலை நாய் ஒன்று பாய்ந்து அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. காயம் ஆறிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பிள்ளை தனியாகத் தெருவில் கால் வைக்கவில்லை. நானூறு காலடி வைத்தால் பள்ளிக்கூடம். அந்த நானூறு காலடிக்கும் அப்பா சைக்கிளில் வைத்துக்கொண்டு போய் விட வேண்டியிருந்தது. டீச்சர் அன்றைக்கே அந்தச் செவலையைக் குட்டிகளோடு மில்லுக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு வைத்துக்கொண்டார். உச்சிமாகாளிக்கு அது போதவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை நாயையும் பிடித்துக் கண்காணாமல் கொண்டுபோக வேண்டும் என்று நகராட்சிக்கு ஒரு மனு எழுதி, முதல் கையெழுத்தைத் தானே போட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டான்.

அந்த உச்சிமாகாளியின் கடைக்குத்தான் டீச்சர் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, ஒரு உதவி.”

உச்சிமாகாளி தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. “மனுவைத் திருப்பி வாங்கச் சொல்லுததா இருந்தா வேலை கெடக்கு டீச்சர்.”

“மனுவைப் பத்திப் பேச வரல. ஞாயித்துக்கிழமை புள்ளைகளோட சைக்கிள்ல அக்கரை வரைக்கும் போறோம். வழியில பஞ்சர் ஆனா ஒட்டுததுக்கு ஆள் வேணும்.”

“நாய்க்காகப் போற பயணத்துக்கு நான் பஞ்சர் ஒட்டணுமாக்கும்.”

“நாய்க்காக ஒட்ட வேண்டாம். சைக்கிள் ஓட்டுத புள்ளைகளுக்காக ஒட்டுங்க.”

கடைக்குப் பின்னால்தான் வீடு. கதவிடுக்கிலிருந்து முத்துஸ்ரீயின் குரல் வந்தது. “டீச்சர், நாய் வருமா?”

“ஒரு நாயும் வராது. வாக்குக் குடுக்கேன்.”

கதவு இன்னும் ஒரு விரற்கடை திறந்தது. அப்புறம் அந்தப் பிள்ளை சொன்னாள்: “அப்ப நானும் வாரேன்.”

சித்திரைக்குப் பிறகு தெருவுக்குப் போகிறேன் என்று அவள் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. உச்சிமாகாளி டியூபைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று டீச்சரிடம் கேட்டான்.

அக்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலடிப்பேரிக்குச் சைக்கிள் வந்த நாளிலிருந்து ஊரில் ஒரு பழக்கம் இருந்தது. வீடு மாறுகிறவர்கள், சொறி பிடித்த நாயைப் பார்க்கச் சகிக்காதவர்கள், வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார் என்று பயந்தவர்கள், மகள் கல்யாணத்துக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள், எல்லாரும் வளர்த்த பிராணியைச் சாக்கில் போட்டுக் கேரியரில் கட்டி, பாலத்தைத் தாண்டி, பனங்காடாகக் கிடந்த பனைவிளைக்குள் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டு வந்தார்கள். ஆற்றைக் கடந்துவிட்டால் அதுகளுக்கு வழி மறந்துவிடும் என்று சொல்லிக்கொண்டார்கள். கெட்ட மனசோடு செய்ததில்லை; பலபேர் ஒரு பன் ரொட்டியையும் கூட வைத்துவிட்டுத்தான் வந்தார்கள். ஆனால் திரும்பி வந்த பிறகு அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டார்கள், பிள்ளைகள் கேட்டால் ஓடிப்போய்விட்டது என்பார்கள், அப்படியே மூன்று தலைமுறையாக ஊரின் நாயும் பூனையும் அக்கரையில் ஓடிப்போய்க்கொண்டே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு டீச்சர் விசில் ஊதினார். முன்கூடையில் கைக்குழந்தையை வைத்துக்கொண்ட தாய்மார், மனைவியைக் கேரியரில் உட்காரவைத்த ரிட்டயர்ட் ஏட்டையா, ஒரே நிறத்தில் பாவாடை தாவணி கட்டிய ஐந்து அக்காதங்கைகள், மூன்று சக்கர வண்டியில் ஒரு டெய்லர், எல்லாரும் மணியடித்துக்கொண்டு புறப்பட்டார்கள். கடைசியாக, ஹேண்டிலில் பம்பும் பையில் ஒட்டுச் சாமானும் தொங்க, கேரியரில் முத்துஸ்ரீயோடு உச்சிமாகாளி போனான். வயலெல்லாம் நனைந்து பச்சையாக இருந்தது. மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் இருந்தது. முத்துஸ்ரீ முதல் இரண்டு மைல் காலை மேலே தூக்கியே வைத்திருந்தாள். பாலத்தில் ஏறும்போது காலைத் தொங்கவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

பனைவிளையில் எல்லாருக்கும் சுண்டலும் காப்பியும் கொடுத்தார்கள். பிள்ளைகள் படம் வரைந்தார்கள். டீச்சர் மில்லில் இருக்கிற உயிர்களைப் பற்றிப் பேசினார். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, சுண்டல் நன்றாக இருந்தது என்றார்கள். எட்டரை மணிக்குத் திரும்புவதற்காகச் சைக்கிளில் ஏறினார்கள்.

முதலில் கூப்பிட்டவர் ரிட்டயர்ட் தபால்காரர் ஞானமுத்து.

“உச்சிமாகாளி, பின்சக்கரத்துல காத்து எறங்கிட்டு போல.”

உச்சிமாகாளி சக்கரத்தை அமுக்கிப் பார்த்தான். காற்று கல் மாதிரி நிறைந்திருந்தது. நிமிரும்போது அவன் கை தற்செயலாகக் கேரியரில் பட்டது. அங்கே சூடாக, சாரலில் நனைந்த மயிரோடு, மூச்சு விட்டுக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. அவன் கையை எடுத்துவிட்டுத் தபால்காரரைப் பார்த்தான். அவரும் கையை வைத்துப் பார்த்தார். கழுத்து இருக்கிற இடத்தைத் தடவினார்.

“வெள்ளச்சி,” என்றார். “மூத்தவ கல்யாணத்தப்போ கொண்டாந்து விட்ட பூனை. முப்பது வருசம் ஆச்சு.”

“பூனைக்கு இவ்வளவு கனமா அண்ணாச்சி?”

“முப்பது வருசமா காத்துக் கெடந்திருக்கு. அதையும் சேத்துக்கிட்டுத்தான் ஏறியிருக்கும்.” அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். “இன்னும் கொஞ்சம் காத்து அடி. வீட்டுக்குக் கொண்டுபோகணும்.”

அதற்குள் ஏட்டையா கூப்பிட்டார், அப்புறம் அக்காதங்கைகள் ஐந்து பேரும் கூப்பிட்டார்கள், அப்புறம் தன் வாழ்நாளில் ஒரு பிராணியையும் வளர்த்ததில்லை என்று சற்று முன்புதான் டீச்சரிடம் சொல்லியிருந்த மளிகைக்கடைக்காரர் வேர்த்து விறுவிறுத்துச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் கேரியரில் ஒரு கன்றுக்குட்டியின் பாரம் இருந்தது, இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். உச்சிமாகாளி தோள் கழன்றுபோகும் அளவுக்கு ஒவ்வொரு சக்கரத்துக்கும் காற்றடித்தான். வரிசை மெதுவாக, சாமி ஊர்வலத்தில் சப்பரம் நகர்கிற மாதிரி நகர்ந்தது. எல்லாரும் போன பிறகு அவனும் முத்துஸ்ரீயை ஏற்றிக்கொண்டு மிதித்தான்.

பாலத்துக்குப் பத்தடி இருக்கும்போது சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

“எப்பா,” என்றாள் முத்துஸ்ரீ. “என் மடியில ஏதோ ஏறி உக்காந்திருக்கு.”

உச்சிமாகாளி திரும்பிப் பார்த்தான். பிள்ளை இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள். அவள் பாவாடை மடியில் அழுந்தியிருந்தது. அழுந்தின இடத்திலிருந்து வந்த வாசனையை அவனுக்குத் தெரியும்.

“நாயா எப்பா?”

“ஆமா.”

“கடிக்குமா?”

“கடிக்காது. இவன் கடிக்க மாட்டான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டான். பத்து வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சாரலில் நனைந்துகொண்டு மகளிடம் சொன்னான். “இவன் பேரு சீசர். எனக்குக் கல்யாணம் ஆகுததுக்கு முன்னாலயே கடையில என்கூட இருந்தான். ராத்திரி கடையைப் பூட்டாம போனாக்கூட இவன் இருந்தா ஒரு நட்டு காணாமப் போகாது. நீ பொறந்து பதினேழாம் நாள் உனக்கு மூச்சு எளைச்சுது. நாய் மயிரு புள்ளைக்கு ஆகாதுன்னு வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் சொன்னாங்க. சாக்குல போட்டு இதே கேரியர்ல வச்சுக் கொண்டாந்தேன். சத்தமே போடல. எங்கயோ வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நெனச்சிருக்கான்.”

“அப்புறம்?”

“இருடே, வாரேன்னு சொல்லிட்டுப் போனேன். அப்படிச் சொன்னா எந்திரிக்க மாட்டான்.”

“அப்ப வந்தீங்களா?”

“இன்னைக்குத்தான் வந்திருக்கேன்.”

முத்துஸ்ரீ யோசித்தாள். சாரல் அவள் முகத்தில் விழுந்து வழிந்தது. “எனக்காகவா கொண்டாந்து விட்டீங்க?”

“உனக்காகத்தான். ஆனா விட்டது நான்.”

அவள் தூக்கியிருந்த கைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தன் மடிக்கு இரண்டு பக்கமும் கேரியர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், தொடவில்லை. “போங்க எப்பா,” என்றாள். “மெதுவாப் போங்க. அவன் விழுந்துருவான்.”

ஊர் வந்ததும் அவையவை அவரவர் வீட்டில் இறங்கிக்கொண்டன. அடுத்த நாள் திங்கட்கிழமை வழக்கம்போல விடிந்தது. பெண்கள் வாசல் தெளித்தார்கள், கோலம் போட்டார்கள், போட்ட கோலத்தில் பாதத்தடம் விழுந்தால் விழுந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டார்கள். கதவோரத்தில் ஒரு தட்டுச் சோறு கூடுதலாக வைத்தார்கள். வைத்த சோறு குறையவில்லை. ஆனால் சாயங்காலம் எடுக்கும்போது அதில் ருசியே இருக்காது, வெறும் வெள்ளையாக இருக்கும், அதிலிருந்து சாப்பிட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நீலச் சீருடையில் பழுப்பும் வெள்ளையுமாக மயிர் ஒட்டியிருந்தது. சில நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை, வெயில் விழாத தரையில் சூடாக இருந்த இடங்களைச் சுற்றி நடந்தார்கள். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் முதல் வாரம் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் வாரம் தராசில் வைத்து எடை பார்த்து மருந்து கொடுக்க ஆரம்பித்தார். ஏட்டையா வீட்டுக்கு இரண்டு வந்திருந்தன, அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. ஒன்றுமே வராத வீட்டுக்காரர்கள் முதலில் பெருமையாகச் சொன்னார்கள், பிறகு தங்கள் வீட்டில் மட்டும் ராத்திரி குளிர்கிறது என்று குறைப்பட்டார்கள்.

சேதி வெளியூருக்கும் போனது. பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்கள் ஒருநாள் லீவு போட்டுப் பஸ்ஸில் வந்து இறங்கி, உச்சிமாகாளி கடையில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டு, பாலத்துப் பக்கம் போனார்கள். பாரத்தோடு திரும்பியவர்கள் பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுத்தார்கள். எதுவும் ஏறாமல் திரும்பியவர்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த பஸ் வரும்வரை கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உச்சிமாகாளி டீ வாங்கிக் கொடுத்தான்.

வீட்டில் முத்துஸ்ரீ முதல் மூன்று நாளும் கட்டிலை விட்டுக் காலைக் கீழே போடவில்லை. “இப்ப எங்க இருக்கான்?” என்று நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டாள். ஆவுடை, உச்சிமாகாளியின் மனைவி, அடுப்படியிலிருந்து சலிக்காமல் பதில் சொன்னாள்: “இங்க என் கால்மாட்டுல கெடக்கான். இப்ப எந்திரிச்சிட்டான். இப்ப கடைக்குப் போறான்.” நாலாம் நாள் பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்து, அந்தக் கைமேல் தன் கையை வைத்துத் தொட்டாள். ஐந்தாம் நாள் அம்மாவின் கை வேண்டியிருக்கவில்லை. வலது காது நுனி கிழிந்திருக்கிறது, முதுகில் ஒரு இடத்தில் மயிர் இல்லை, வயிற்றைத் தடவினால் பின்னங்கால் தானாக உதறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அப்பாவிடம் சொன்னாள். அவன் ஆமாம் ஆமாம் என்றான். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போனாள், சீசரை மடியில் வைத்துக்கொண்டு.

ஆடி பிறந்த இரண்டாம் வாரம் டீச்சர் கடைக்கு வந்தார். கண் இடுங்கியிருந்தது.

“அண்ணாச்சி, ஊரே நாய் வளக்குது, பூனை வளக்குது. அந்த ஞாயித்துக்கிழமையில இருந்து மில்லுக்கு ஒரு பிடி அரிசி கொண்டாந்து தர ஆளில்ல. என் சம்பளத்துல பொங்கிப் பாத்தேன், பத்தல.”

உச்சிமாகாளி எழுந்து நின்றான்.

“அக்கரையில இருந்து வந்ததுக குலைக்காது. கடிக்காது. கண்ணுல படாது,” என்றார் டீச்சர். “விட்டுட்டு வந்ததைக் கொண்டாடுதாங்க. கண்ணு முன்னால உசிரோட நிக்கிததைக் கொண்டுபோக ஒருத்தரும் இல்ல. இன்னும் ரெண்டு வாரத்துல மில்லைப் பூட்டிருவாங்க. உங்க மனுப்படி வண்டி வரும். எங்க கொண்டுபோவாங்கன்னு எனக்குச் சொல்ல மாட்டேங்காங்க.”

கோபமாகச் சொல்ல வந்தவர் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் போன பிறகு உச்சிமாகாளி கடையைச் சாத்திவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனான். முதல் கையெழுத்தை அழிக்க வேண்டும் என்றான். அங்கே இருந்த கிளார்க், முதல் கையெழுத்து போனாலும் மீதி முந்நூற்றுப் பதினொன்று இருக்கிறதே என்றார். அந்தப் பேர்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு உச்சிமாகாளி வீடுவீடாகப் போனான். கையெழுத்தை வாபஸ் வாங்கப் பலரும் சம்மதித்தார்கள். மில்லிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வளருங்கள் என்றதும் பின்வாங்கினார்கள்.

தபால்காரர்தான் அதை வெளிப்படையாகச் சொன்னார். “வளக்கக் கூடாதுன்னு இல்லடே. புதுசா ஒண்ணு வீட்டுக்குள்ள வந்தா, வெள்ளச்சி மனசு விட்டுப் போயிருமோன்னு பயமா இருக்கு. மறுபடியும் அவளை அனுப்பிட்டு நான் எப்படி இருக்க?”

உச்சிமாகாளிக்கும் அந்தப் பயம்தான். வீட்டுக்கு வந்து ஆவுடையிடம் சொன்னான். அவள் சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள்.

“போன தடவை அவனைக் கேக்காமக் கொண்டுபோய் விட்டீங்க,” என்றாள். “அன்னைக்கு நானும் பேசாமத்தான் இருந்தேன். இந்தத் தடவை அவனைக் கேட்டுச் செய்யுங்க.”

“அவன்ட்ட எப்படி ஏட்டி கேக்க?”

“மில்லுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவனே பாத்துக்கிடுவான்.”

மறுநாள் மத்தியானம் சீசரைக் கேரியரில் ஏற்றிக்கொண்டான். முத்துஸ்ரீயும் வருகிறேன் என்றாள், முன்கம்பியில் உட்கார்ந்தாள். மில் வாசலில் இறங்கியபோது உள்ளே இருபத்தாறு நாய்களும் சேர்ந்து குரைத்த சத்தத்தில் பிள்ளை அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சைக்கிள் திடீரென்று இலேசானது. சீசர் இறங்கிவிட்டான். குரைப்பு ஒவ்வொன்றாக நின்றது. கட்டிக்கிடந்த நாய்கள், தரையில் கிடந்த நாய்கள், எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்தன, அந்த இடம் மெல்ல நகர நகர அத்தனை தலையும் அதோடு திரும்பின. அப்படித் தலைகள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டேதான் சீசர் எங்கே போகிறான் என்று தெரிந்துகொண்டார்கள். அவன் நெல் அவிக்கிற தொட்டியைச் சுற்றிக்கொண்டு, கடைசி மூலையில், மூன்று கால் மட்டும் இருந்த ஒரு கிழட்டுக் கறுப்பு நாயிடம் போனான். அது சிரமப்பட்டு ஒருக்களித்து, படுத்திருந்த சாக்கில் பாதி இடத்தை விட்டுக்கொடுத்தது.

“இதையா?” என்றான் உச்சிமாகாளி. வயசானது, முடம். இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று தெரியாது.

“அவனுக்குப் பிடிச்சிருக்கு எப்பா,” என்றாள் முத்துஸ்ரீ அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து.

கறுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று சாயங்காலம் சீசர் எங்கே இருக்கிறான் என்று கேட்கப் பிள்ளைக்குப் பயமாக இருந்தது. கையை நீட்டித் தேடிப் பார்க்கப் பெரியவர்களுக்குப் பயமாக இருந்தது. விடிந்ததும் ஆவுடைதான் முதலில் போய்ப் பார்த்தாள். பார்த்தவள் புருஷனையும் மகளையும் கையாட்டிக் கூப்பிட்டாள்.

கடை வாசலில் கறுப்பு நாய் வளைந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வளைந்ததற்கு நடுவில் ஒரு நாய் படுக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. காலியான இடத்தின் மேல் தன் முகத்தைச் சாய்த்து வைத்திருந்தது. முகம் தரையைத் தொடவில்லை.

ஆவுடை குழாயடியில் அதைச் சொன்னாள். குழாயடியிலிருந்து அது எல்லாத் தெருவுக்கும் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் விசில் ஊதாமலே, யாரும் நோட்டீஸ் ஒட்டாமலே, மில் வாசலில் சைக்கிள்கள் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொருவரும் கேரியரில் இருந்ததை இறக்கிவிட்டு, அது எங்கே போகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மளிகைக்கடைக்காரரின் கன்று ஒரு பசுவிடம் போய் நின்றது. பசு நக்க ஆரம்பித்ததும் அவர் தலையில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தபால்காரரின் வெள்ளச்சி பதினோரு பூனையையும் தாண்டிப் போய்க் கழுதைகளின் காலடியில் உட்கார்ந்துவிட்டது. ஒரு கழுதை குனிந்து மூச்சு விட்டது.

“பென்ஷன் வாங்குதவன் கழுதை வளத்தா ஊரு என்ன சொல்லும் டீச்சர்?” என்றார் தபால்காரர்.

“ரெண்டையும் பிரிக்க முடியாது சார். ரெண்டா வளக்குதாருன்னு சொல்லும்.”

அவர் இரண்டையும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

ஒன்றும் வராத வீட்டுக்காரர்களும் வந்தார்கள்; அவர்கள் தாங்களே பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ஆடிக் கடைசி வாரத்தில் மில் காலியாகிவிட்டது, கையெழுத்துகள் வாபஸ் ஆனதால் நகராட்சி வண்டியும் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. டிரான்ஸ்பார்மர் பக்கத்துச் செவலை. அதன் குட்டிகள்கூடப் போய்விட்டன. அது யாரைக் கடித்தது என்று ஊருக்குத் தெரியும். உச்சிமாகாளி முகத்தில் எப்படி விழிப்பது என்று அதை யாரும் தொடவில்லை.

டீச்சர் மில் சாவியோடு கடைக்கு வந்தார். அவர் குடியிருந்தது மாடியில் ஒரு ரூம், அங்கே நாய் வைத்துக்கொள்ள முடியாது. வெளியூரில் ஒரு இடம் விசாரித்திருப்பதாகச் சொன்னார். சொல்லும்போதே அந்த இடம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. உச்சிமாகாளி ஆவுடையைப் பார்த்தான். ஆவுடை மகளைப் பார்த்தாள்.

முத்துஸ்ரீ கடைப் படியில் உட்கார்ந்து கறுப்புக்கு உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். “அது முன்னால எங்க இருந்துச்சு டீச்சர்?” என்றாள்.

“உங்க தெருவுலதான். டிரான்ஸ்பார்மர் கிட்ட.”

“அப்ப அங்கயே விடுங்க.”

“உனக்குப் பயமா இல்லையாம்மா?”

“பயமாத்தான் இருக்கு.” அவள் தலை நிமிரவில்லை. “நான் தெருவுல அந்தப் பக்கமாப் போய்க்கிடுதேன்.”

“அந்தப் பக்கமான்னா, அப்பா சைக்கிள்லயா?”

“இல்ல. நடந்து.”

ஆவணி முதல் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அவள் நடந்து புறப்பட்டாள். ஆவுடை ஈரக்கையோடு வாசலுக்கு வந்து நின்றாள். உச்சிமாகாளி சக்கரத்துக்கு வால்ட்யூப் மாட்டிக்கொண்டிருந்த சைக்கிளை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினான். இரண்டு எட்டு வைத்தவனை ஆவுடை சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

பிள்ளை முதுகில் பையோடு தெருவின் இடது ஓரமாகவே போனாள். இடது கை பைவாரைப் பிடித்திருந்தது. வலது கையை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, விரல்களைப் பரத்தி, எதன் மேலோ வைத்த மாதிரி வைத்திருந்தாள். அந்தக் கை அவள் நடையோடு சேர்ந்து அசையவில்லை. வேறொரு நடையோடு சேர்ந்து ஏறி இறங்கியது. டிரான்ஸ்பார்மர் நெருங்கியதும் அவள் மெதுவாகப் போனாள். எதிரோரத்தில் படுத்திருந்த செவலை காதை நிமிர்த்தியது. எழுந்தது. முன்னால் ஒரு எட்டு வைத்தது.

முத்துஸ்ரீ நின்றாள். ஓடவில்லை. வலது கையின் விரல்கள் மட்டும் இறுகின.

செவலை அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு வலது பக்கத்தில், அவள் கை உயரத்தில் இருந்த வெறும் காற்றைப் பார்த்தது. மூக்கை நீட்டி மோந்தது. ஒரு தடவை வாலை ஆட்டிவிட்டு, இரண்டு சுற்றுச் சுற்றித் திரும்பவும் படுத்துக்கொண்டது.

பிள்ளை குனிந்து தன் வலது பக்கம் ஏதோ சொன்னாள். அது இவர்களுக்குக் கேட்கவில்லை. அப்புறம் நடந்தாள். பள்ளிக்கூடத் திருப்பத்தில் திரும்பும்போது அப்பா அம்மா நிற்கிறார்களா என்று அவள் பார்க்கவில்லை.